எங்கள் குறுக்கு வீதிக்கு யார் பேசுவது? மட்டக்களப்பில் அக்கம்பக்கத்துக்குள்ளேயே தலைமையை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி மழை ஓய்ந்த மறுநாள் காலையில் மட்டக்களப்பு நகரத்தின் ஏதாவது ஒரு குறுக்கு வீதிக்குள் போய்ப் பாருங்கள். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் மண்வெட்டியோடு நிற்பார். வடிகான் வாயில் அடைத்துக் கிடக்கும் பொலித்தீனையும் தேங்காய் மட்டையையும் அவர் இழுத்துப் போட்டதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். எந்த வளவுக்குள் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறார், எந்த மதகு எப்போது இடிந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த வட்டாரத்துச் சங்கங்களின் தலைவர், செயலாளர் பட்டியலை எடுத்தால் அவருடைய பெயர் எதிலும் இருக்காது.

இந்த வழிகாட்டி அவருக்காகவும் அவரைத் தேடிப் போகவேண்டியவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. கல்லடி, நாவற்குடா, கூழாவடிப் பக்கத்துக் குறுக்கு வீதிகளில் பல வருடங்கள் கூட்டம் கூட்டியும் கடிதம் எழுதியும் அலைந்ததில் கற்றுக்கொண்டவை இவை. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதற்படி: தை மாதத்தில் நடந்து பாருங்கள்

வேலையைத் தொடங்க நல்ல காலம் தை, மாசி. வடகீழ்ப் பருவமழை அப்போதுதான் விட்டிருக்கும், மதில்களில் வெள்ளக் கோடு இன்னும் அழிந்திருக்காது. அந்தக் கோட்டுக்கு மேல் திகதியைப் பெயின்டால் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். ஆடி மாதத்து வெயிலில் அலுவலகத்துக்குப் போய் "எங்கள் வீதியில் வெள்ளம்" என்று சொன்னால் நம்புவது கடினம். அந்தப் படத்தை மறுக்க முடியாது.

முழுக் கிராம சேவகர் பிரிவையும் எடுக்காதீர்கள், அது பெரிது. 40 முதல் 60 வீடுகள் கொண்ட ஒன்றிரண்டு குறுக்குகள் போதும். ஒரு தடவை காலையிலும் ஒரு தடவை இரவு ஏழு மணிக்கும் நடவுங்கள். காலையில் குப்பையும் வடிகானும் தெரியும். எரியாத மின்குமிழ், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் பயந்து ஓடும் இடம், நாய்க் கூட்டம் எல்லாம் இரவில்தான் தெரியும். ஒரு கொப்பியில் வீதியைக் கோடாக வரைந்து ஒவ்வொன்றையும் அதில் குறியுங்கள். வரைய வராதென்றால் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் கையில் நேரம் இருக்கிறது, நல்ல போனும் இருக்கிறது.

இரண்டாம் படி: ஆளைக் கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பெரும்பாலான முயற்சிகள் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

நம் மண்ணின் வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழரிலும் சரி, முஸ்லிம்களிலும் சரி, வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டுவார். அதனால் ஒரு குறுக்கு வீதியில் அக்கா, தங்கை, சின்னம்மா, பெரியம்மா என்று பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறார்கள். ஆண்களில் பலர் வேறு ஊரிலிருந்தோ வேறு வட்டாரத்திலிருந்தோ வந்தவர்கள். வீதியின் ஞாபகமும் உறவும் பெண்களிடம் இருக்க, சங்கத்தின் கதிரைகளில் ஆண்கள் இருப்பது எவ்வளவு பெரிய வீண் என்று எனக்குப் புரியவே சில வருடங்கள் எடுத்தன.

எனவே "இங்கே தலைவர் யார்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஏற்கெனவே நான்கு சங்கங்களில் தலைவராக இருக்கும் ஒருவருடைய பெயர்தான் வரும். வீடு வீடாகப் போய் இவற்றைக் கேளுங்கள்: ராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? இந்தப் பக்கத்தில் சீட்டுப் பிடிப்பது யார்? மரண வீட்டில் சமையலையும் பந்தியையும் யார் பொறுப்பெடுப்பார்? இரண்டு வீட்டுக்கு வேலிச் சண்டை வந்தால் யார் போய்ப் பேசுவார்?

மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சீட்டுப் பிடிக்கும் அக்காவை நான் எப்போதும் தனியாகக் குறித்துக்கொள்வேன். இருபது வீட்டுப் பணத்தை ஒரு சதம் பிசகாமல் கையாள்பவருக்குக் கணக்கும் தெரியும், கடுமையாகப் பேசவும் தெரியும், நம்பிக்கையும் ஏற்கெனவே இருக்கிறது. இதையெல்லாம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்றுக்கொடுக்க முடியாது.

இங்குள்ள கோயில்களில் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, ஒரு வண்ணக்கர், பள்ளிவாசல்களில் குடிக்கொரு மரைக்கார் என்று பிரதிநிதியை அனுப்பும் பழக்கம் காலங்காலமாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தை இரவல் வாங்குங்கள். பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்தால் 50 வீட்டுக்கு ஐந்து பேர். அந்தப் பத்து வீட்டின் குறையைக் கேட்டு வருவதும் முடிவைத் திரும்பப் போய்ச் சொல்வதும் அவருடைய பொறுப்பு. பெரியவர்களிடம் போய் ஆசி வாங்குங்கள், ஆலோசனை கேளுங்கள். ஆனால் பொறுப்பை அவர்களிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் பிரதிநிதியோடு ஒரு துணையாளையும் சேருங்கள். எங்கள் பிள்ளைகள் மத்திய கிழக்குக்கும் கொழும்புக்கும் எந்த மாதம் கிளம்புவார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் போனால் வேலை நிற்கக்கூடாது.

இதை வெளியூரிலிருந்து வருபவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும்: முதல் சந்திப்பில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று தாளை நீட்டாதீர்கள். இந்த மாவட்டத்தில் ஒரு பட்டியலில் பெயர் இருந்ததற்காக ஆட்கள் திரும்பி வராத காலம் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு தாய் பேனையைக் கையில் எடுக்கத் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது. எதற்காகக் கையெழுத்து, தாள் யாரிடம் போகும், பிரதி யாரிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, விருப்பமானவர்களிடம் மட்டும் வாங்குங்கள்.

மூன்றாம் படி: முதல் கூட்டம்

புதுச் சங்கம் பதிவு செய்ய ஓடவேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். அதன் நிழலில் தொடங்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குழு அமைத்தது. நிறுவனம் போனதும் குழுவும் போனது. பதாகைகள் மட்டும் கோழிக்கூட்டுக்கு மறைப்பாகக் கிடந்ததை நானே பார்த்தேன்.

இடம் ஒரு வீட்டு முற்றமாகவோ முன்பள்ளியாகவோ இருக்கட்டும். தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் கலந்து வாழும் வீதியென்றால் எந்த வணக்கத்தலமும் வேண்டாம். வெள்ளி மதியமும் மஹ்ரிப் என்ற மாலைத் தொழுகை நேரமும் ஞாயிறு காலைத் திருப்பலி நேரமும் தவிருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் வாரத்திலும் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் திருவிழா நடக்கும் நாட்களிலும் யாரும் வரமாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது. பெண்களுக்குப் பெரும்பாலும் பின்னேரம் நான்கு மணி வசதி. பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும், ஒரு மணித்தியாலத்தில் முடியுங்கள்.

கதிரைகளை வட்டமாகப் போடுங்கள் அல்லது எல்லோரும் பாயில் இருங்கள். முன்னால் மேசை போட்டால் அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் போய் உட்கார்ந்துவிடுவார். வீட்டு வரிசைப்படி ஒவ்வொருவராகப் பேசச் செய்யுங்கள். "சொல்ல ஒன்றுமில்லை" என்று சிரித்துக்கொண்டே தலையைக் குனியும் பெண்ணிடம் "சரி அக்கா, போன மழைக்கு உங்கள் வளவுக்குள் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். தன் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் யாருக்கும் கூச்சம் போய்விடும்.

நான்காம் படி: முதல் வேலையைத் தெரிவு செய்யுங்கள்

பலகையில் பதினைந்து குறைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்று மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரவேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு அதனால் நன்மை இருக்கவேண்டும். அதில் ஒரு பங்கையாவது நாமே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். எரியாத வீதி விளக்கு, ஒரு மதகின் அடைப்பு, குப்பை வண்டி ஒழுங்காக வருவது இப்படியானவை. காணிப் பிணக்கு, வெள்ளம் கடலுக்கு வடிய வாவியின் முகத்துவாரம் வெட்டுவது போன்றவை முதல் வேலைக்கு ஏற்றவை அல்ல. முகத்துவாரம் மாவட்ட மட்டத்தில் பல திணைக்களங்கள் சேர்ந்து எடுக்கும் முடிவு. அங்கே முதலில் போய் முட்டினால் புதிய குழு உடைந்துவிடும்.

எனக்குப் பிடித்த தொடக்கம் சனிக்கிழமை டெங்குச் சுற்று. நுளம்பு முட்டை பொரித்துப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கிறது, எனவே வாரம் ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டினாலே சங்கிலி அறுந்துவிடும். சனிக்கிழமை காலை அரை மணித்தியாலம் ஒவ்வொரு பத்து வீட்டுப் பிரதிநிதியும் தன் வீடுகளுக்குப் போய் பூச்சாடித் தட்டு, பழைய டயர், சிரட்டை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாம் பார்ப்பார். இதில் பெரிய நன்மை என்னவென்றால், வாரம் ஒரு முறை கதவு திறக்கிறது. நுளம்பைப் பார்க்கப் போனவரிடம் தண்ணீர்க் கட்டணம் முதல் மகனின் வேலை வரைக்கும் கதை வரும். எட்டு வாரத்தில் அந்தப் பெண்ணுக்குத் தன் பத்து வீடும் கைரேகை போலத் தெரிந்துவிடும்.

வேலையின் நடுவில் சண்டை வரும், வரத்தான் செய்யும். எங்கள் பக்கத்தில் ஒரு வடிகான் ஒரு வீட்டு மதிலுக்கடியில் போய் முடிந்தது. கட்டியவர் வடிகானின் மேலேயே கட்டிவிட்டார். இளைஞர்கள் உடனே மகஜர் எழுதவேண்டும் என்றார்கள். வேண்டாமென்று தடுத்து, அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சின்னம்மா முறையான ஒருவரை அனுப்பினோம். அவர் மூன்று தடவை போனார். முதல் தடவை மதிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாம் தடவை, மதிலின் அடியில் இரண்டு குழாய் பதிக்க அந்த வீட்டாரே சம்மதித்தார்கள். குழாய்க்கு எல்லா வீடும் சேர்ந்து காசு போட்டோம். மகஜர் போயிருந்தால் அது இரண்டு குடும்பத்துக்கும் பத்து வருடப் பகையாக முடிந்திருக்கும். மஞ்சந்தொடுவாய்ப் பக்கம் போல ஒரு வடிகான் தமிழர் வீதியில் தொடங்கி முஸ்லிம் வீதியில் முடியும் இடங்களில் இதில் இன்னும் கவனம் வேண்டும். இரு பக்கத்திலிருந்தும் இரண்டு இரண்டு பெண்கள் சேர்ந்து வடிகானின் தலையிலிருந்து வால் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

நம் மக்கள் அதிகம் அலைவது தவறான அலுவலகத்துக்கு. கல்முனைப் பக்கம் போகும் ஏ4 வீதியும் திருகோணமலைப் பக்கம் போகும் ஏ15 வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சில நடுத்தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. குறுக்கு வீதிகளும் அவற்றின் வடிகான்களும் குப்பையும் மாநகர சபையின் பொறுப்பு. விளக்குக் கம்பத்தில் குமிழ் எரியாவிட்டால் சபை, கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் மின்சார விநியோக அலுவலகம். கம்பத்தில் இலக்கம் இருந்தால் எழுதிக்கொண்டு போங்கள். நுளம்புக்கும் அழுக்குத் தண்ணீருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அரச காணி, வெள்ள நிவாரணம் போன்றவை கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு.

தமிழிலேயே எழுதுங்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாலும் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது.

ஆறாம் படி: கடிதமும் மூன்று பயணமும்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எந்த வீதி, என்ன குறை, எத்தனை வீடு பாதிப்பு, எப்போதிருந்து, நாங்கள் இதுவரை என்ன செய்தோம், உங்களிடம் எதைக் கேட்கிறோம், எந்தத் திகதிக்குள். "நாங்கள் செய்தது" என்ற வரி மிக முக்கியம். "மதகின் இரு பக்கத்தையும் 12 வீட்டார் சிரமதானம் செய்து துப்புரவாக்கினோம், நடுவில் உடைந்த கொங்கிறீட் தட்டை எங்களால் தூக்க முடியவில்லை" என்று எழுதினால் வாசிக்கும் உத்தியோகத்தர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக் கோவையில் வையுங்கள். முத்திரை வாங்காமல் கொடுத்த ஒரு கடிதம் ஓர் அலுவலகத்தில் காணாமல் போய், ஒரு முழு மழைக்காலத்தை நாங்கள் இழந்தோம்.

தலைமை உண்மையில் வளர்வது இந்தப் பயணங்களில்தான். அனுபவமுள்ளவர் தானே போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தால் வீதிக்கு ஒரு விளக்கு கிடைக்கும், அவ்வளவுதான். முதல் தடவை புதியவரைக் கூட்டிக்கொண்டு போய் நீங்கள் பேசுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம் தடவை அவர் பேசட்டும், நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம், அவர் தடுமாறினாலும் சரி. மூன்றாம் தடவை அவரும் அவருடைய துணையாளும் மட்டும் போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். வீட்டில் இருப்பதுதான் மிகக் கடினம். என்னால் முதலில் முடியவில்லை, போன் எடுத்து எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த அந்த அக்கா சொன்னது: "அவர் இருங்க என்று கதிரை காட்டினார். இந்த வயதுவரைக்கும் ஒரு கந்தோரில் நான் கதிரையில் இருந்ததில்லை." அடுத்த கூட்டத்தை நடத்தியது அவர்தான்.

ஏழாம் படி: பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பொறுங்கள், நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் அதை எழுதிக்கொள்ளவேண்டும். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று உள்ள மேலதிகாரிக்கு 14 நாட்களுக்குள் எழுதலாம். அதற்கு மேல் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

"ஏன் எங்கள் வீதியைப் புறக்கணிக்கிறீர்கள்?" என்பது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் கேள்வியல்ல. தாளில் இருக்கும் விடயத்தைக் கேளுங்கள்: கடந்த வருடம் எங்கள் வட்டாரத்தில் வடிகான் துப்புரவுக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, வேலை நடந்த திகதிகள், வேலை செய்த வீதிகளின் பெயர்கள், எங்கள் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கையைக் காட்டும் கோவைக் குறிப்பின் பிரதி. பல தடவைகளில் விண்ணப்பம் போன வாரத்திலேயே வேலையாட்கள் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதை மிரட்டலாகப் பிடிக்காதீர்கள். அதே உத்தியோகத்தரிடம்தான் அடுத்த வருடமும் போகவேண்டும். வேலை முடிந்ததும் நன்றிக் கடிதம் ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள், அதற்கும் முத்திரை வாங்குங்கள்.

எட்டாம் படி: சபையும் பாதீடும்

அடுத்த வருடப் பாதீடு வருட முடிவுக்குள் நிறைவேறும். எனவே கொங்கிறீட் வடிகான், வீதி திருத்தம் போன்ற பெரிய கோரிக்கைகள் ஆவணி, புரட்டாதிக்குள் முதல்வர், ஆணையாளர், வட்டார உறுப்பினர் மூவரின் கையிலும் இருக்கவேண்டும். கார்த்திகையில் தண்ணீர் ஏறியபின் கேட்டால் கிடைப்பது பம்பு மட்டும்தான். சபையின் மாதாந்த அமர்வைப் பொதுமக்களும் இருந்து பார்க்கலாம். பத்து வீட்டுப் பிரதிநிதிகளில் இருவரையாவது அனுப்புங்கள்.

உறுப்பினரோடு நல்ல உறவு வேண்டும், ஆனால் அவரையே நம்பி நிற்கக்கூடாது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லை. உறுப்பினரின் தொலைபேசி இலக்கம் மட்டும் வைத்திருந்த வீதிகள் அந்தக் காலத்தில் ஊமையாகிப் போயின. கோவையும் பழக்கமும் வைத்திருந்த வீதிகள் நேராக ஆணையாளரிடம் போயின.

2016இல் திருத்திய சட்டம் உள்ளூராட்சி சபைகளில் 25 வீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2018 தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது கட்சிகள் பெண்களைத் தேடி வீடு வீடாக அலைந்தன. உங்கள் பத்து வீட்டு அக்காவையும் ஒருநாள் தேடி வருவார்கள். போவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. போனால் வாழ்த்தி அனுப்புங்கள், ஆனால் அன்றே குழுவின் பொறுப்பிலிருந்து அவர் விலகவேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: காசும் வட்ஸ்அப்பும்

காசைக் குறைவாகவே கையாளுங்கள். குழாய், சீமெந்து என்று சேர்த்தால் அன்றே செலவழித்து, பற்றுச்சீட்டைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். தொகை பெரிதாகும்போது இரண்டு கையொப்பத்தில் வங்கிக் கணக்கு. வட்ஸ்அப் குழுவில் வீதி விடயம் மட்டும். பிறந்தநாள் வாழ்த்தும் கட்சிச் செய்தியும் வரத் தொடங்கினால் பாதிப் பேர் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் வெள்ள எச்சரிக்கை போட்டாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். போன் இல்லாத வீடுகளுக்குப் பிரதிநிதி நடந்து போய்ச் சொல்லவேண்டும்.

பத்தாம் படி: கைமாற்றம்

ஒரு வருடம் முடிந்ததும் பொறுப்பு மாறவேண்டும். நன்றாகச் செய்கிறார் என்பதற்காக ஒருவரையே வைத்திருந்தால் அவரும் களைத்துப்போவார், மற்றவர்களும் வளரமாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டு முடிந்த ஒரு பின்னேரத்தில், அதே முற்றத்தில் கூட்டம் வையுங்கள். பழைய பிரதிநிதி தன் துணையாளிடம் கோவையைக் கொடுப்பார். அதற்குள் வீதிப் படம், வெள்ளக் கோட்டுப் படங்கள், முத்திரையிட்ட கடிதங்கள், எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்ற குறிப்பு, இன்னும் முடியாத வேலைகளின் பட்டியல். புதியவர் அந்தப் பட்டியலை எல்லோருக்கும் கேட்க உரத்து வாசிக்கட்டும். அவர் அன்றைக்கே தனக்கொரு புதிய துணையாளைத் தெரிந்து, பெயரைக் கோவையின் முதற் பக்கத்தில் எழுதட்டும்.